இருநூறு தடவை முழுகிய கடை

மேலகரம் மைதீன் பாய் மௌத்தான சேதி வந்தபோது நான் ஐந்தருவி கார் ஸ்டாண்டில் நேந்திரங்காய் சீவிக்கொண்டிருந்தேன். கீழே ஓடைப் படிக்கட்டில் பழக்கடை வைத்திருக்கும் முருகையா மூச்சு வாங்க ஏறி வந்தார். "அண்ணாச்சி, உங்க எதிரி போயிட்டாரு." மீதிக் காயையும் சீவி, பொரித்து எடுத்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். அவருக்காகச் சட்டியைப் பாதியில் இறக்க மனசில்லை.

"எதிரிதான் நல்லா எழுதுவாரு" என்று நம் வியாபாரிகள் சங்கத்தில் இந்த இரங்கல் குறிப்பை என் தலையில் கட்டிவிட்டீர்கள். ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன்.

பாய் வளைகுடாவில் செய்த வேலை இது. வெள்ளத்தைக் கம்ப்யூட்டருக்குள் வரவைத்துப் பார்க்கிற சாப்ட்வேரை வேறு யாராவது எழுதுவார்கள். அதை ஆயிரம் தடவை ஓட்டுகிற சாப்ட்வேர் இவருடையது. ஒவ்வொரு தடவையும் மழையைக் கொஞ்சம் கூட்டும், பாறையைக் கொஞ்சம் நகர்த்தும், எந்தக் கடை எத்தனை தடவை முழுகியது என்று எண்ணும். பிறகு கடைகளையே மாற்றி மாற்றி வைத்து, தண்ணீரும் வராத, வியாபாரமும் கெடாத இடத்தைத் தேடும். நேர்ப் பதில் அதனிடமும் கிடையாது, அவரிடமும் கிடையாது. "இன்னிக்குச் சாரல் உண்டா பாய்?" என்றால், "பத்துக்கு ஆறு" என்பார். டீயில் சீனி இருக்கிறதா என்று கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

வெள்ளம் வந்து போன வருஷம், கடைகளை எங்கே வைக்கலாம் என்று சங்கம் அவரைக் கேட்டது. அப்போது என் கடை படிக்கட்டின் அடியில். குளித்து நடுங்கிக்கொண்டு ஏறுகிறவன் முதலில் நிற்பது என் சட்டிக்கு முன்னால்தான். அந்த இடத்தை விடுவேனா? பாய் நோட்டோடு வந்தார்.

"தண்ணி உம்ம கடையில எதுவரைக்கும் ஏறிச்சு வே?"

"கணுக்கால்."

"கணுக்கால் தண்ணியிலயா உம்ம எண்ண டின்னு பாலத்துக்கு அங்கன போய்க் கெடந்துச்சு?"

"அது தானா உருண்டுருக்கும் பாய்."

சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

சங்கக் கூட்டத்தில் முடிவைச் சொன்னார். மற்றவர்கள் சொன்ன அளவுக்கு மேலே நாலு விரல், கீழே நாலு விரல் விட்டிருந்தார். "ஒமக்கு மட்டும் கணுக்கால்லேருந்து இடுப்பு வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம்னு போட்டுருக்கேன். உம்ம வாய் அப்படி." எல்லோரும் சிரித்தீர்கள். இடுப்புவரை இடம் கொடுத்தால் தண்ணீர் சும்மா இருக்குமா? என் கடை ஆயிரத்துக்கு இருநூறு தடவை முழுகியது. உள்ளதைச் சொன்ன முருகையாவின் கடை முப்பதே தடவை.

"சரியான அளவச் சொல்லும் வே. நாளைக்கே திரும்ப ஓட்டுதேன். உம்ம கடை தப்பினாலும் தப்பும்."

"சொன்னது சொன்னதுதான்."

ஊர் முன்னால் பொய்யன் என்றவரிடம் போய் ஆமாம் என்பதா? கடை கார் ஸ்டாண்டுக்கு ஏறியது. இங்கே வருகிறவன் தலை துவட்டி, சட்டை மாற்றி, கீழேயே தின்று முடித்துவிட்டுக் காருக்குள் ஏறுகிறான்.

அப்புறம் சீசனுக்குச் சீசன் பாய் வருவார். கால் கிலோ சிப்ஸ் வாங்கி நின்றபடியே தின்பார். உப்பு கம்மி என்பார். "எதுவரைக்கும் வே?" "கணுக்கால்." "சரி, அடுத்த வருசம் பாப்போம்." போன ஆடியில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டார். அப்போதும் கணுக்கால்தான் சொன்னேன். அந்தத் தடவை உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அன்று நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்த நோட்டு இப்போது அவர் மகளிடம் இருக்கிறதாம், அவளுக்கும் அந்தச் சாப்ட்வேரை ஓட்டத் தெரியுமாம். அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவர் கேட்டுக் கேட்டு வாங்காமலே போன அளவு.

முழங்கால். என் பேருக்கு நேரே எழுதிக்கொள் தாயி. மேலே நாலு விரல், கீழே நாலு விரல். அதற்கு மேல் விடாதே.