காடைக் கூடையும் என் தனிக்குடித்தனமும்

கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்கு இருந்த ஒரே ஆசை தனிக்குடித்தனம். ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டில் அப்போது பதினொரு பேர். ஒரே அடுப்பு, ஒரே களிப்பானை. கடைசி மருமகள் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டும். என் முறை வரும்போது பானையில் அடிப்பிடித்தது மிஞ்சியிருக்கும், குழம்பில் தண்ணீர் மிஞ்சியிருக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "எங்கப்பாகிட்ட நீயே கேளு" என்று நழுவிவிடுவார். எண்பதுகளில் எங்கள் பக்கம் மாமனாரிடம் அப்படிக் கேட்ட மருமகளை நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் மலையிறங்கிப் போய் அறுபது ஜப்பான் காடைக் குஞ்சுகளை வாங்கி வந்தார். மூங்கில் தட்டி அடைத்து எல்லாவற்றையும் ஒன்றாக விட்டார். தீனி போடுவது என் வேலையாயிற்று.

மூன்று வாரத்தில் பத்துப் பதினைந்து மட்டும் கொழுத்தன. அவை தீனித் தட்டின் மேலேயே ஏறி நின்றுகொள்ளும். மெலிந்தவை பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். பார்த்த குற்றத்துக்கு முதுகில் கொத்து வாங்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது யார் கதை என்று எனக்குத் தெரியாதா?

மெலிந்ததில் மூன்றைப் பிடித்துக் கூடையில் தனியே விட்டேன். மலைக்குளிரில் நடுங்கிக்கொண்டு தின்னவே இல்லை. பிறகு பத்தாகச் சேர்த்தேன். கதகதப்பும் இருந்தது, தட்டில் இடமும் இருந்தது. சில நாளிலேயே மளமளவென்று தேறின. மாமனார் புளி நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து, கூடைக் காடை ஒன்றையும் அடைப்பில் ஒதுங்கி நின்ற ஒன்றையும் தனித்தனித் துணிப்பையில் போட்டு நிறுத்தார். கூடைக் காடையின் பக்கம் தட்டு தாழ்ந்தது.

அதிலிருந்து மாமனார் கூடைப் பக்கமே உட்கார்ந்திருப்பார். பேரப்பிள்ளைகளின் கூச்சலில் அவருக்கு வீட்டுக்குள் கண்ணசரக்கூட முடியாது.

"இன்னா நிம்மதியா துன்னுது பாரும்மா" என்றார் ஒருநாள்.

இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்குமா? "கூட்டம் கொறைஞ்சா எதுவுமே தேறிடும் மாமா. நம்ம கொல்லைல அந்தக் குடிசை சும்மாதானே கெடக்குதுங்க?" என்றேன்.

மாமனார் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ சொல்றதும் சரிதாம்மா. வர்ற வெள்ளிக்கெழம அங்க பால் காய்ச்சிடலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே என் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டேன். மூத்த மருமகள்கள் இருவரும் முறைத்ததைக்கூட நான் சட்டை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாமனார் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். பின்னால் மாமியார், தலையில் துணிமூட்டையோடு.

"இத்தினி வருஷமா எனக்கு இது தோணவே இல்ல பாரு" என்று என்னை மெச்சினார் மாமனார்.

"யோசனை சொன்னவ நீதானே, நீயே பாத்துக்க" என்று களி கிண்டும் துடுப்பை என் கையில் திணித்தார் மாமியார். காடைக் கூடையையும் தூக்கிக்கொண்டு இருவரும் கொல்லைக் குடிசைக்குப் போய்விட்டார்கள். நான் மூட்டையைப் பிரித்து ஒன்பது பேருக்குக் களி கிண்டினேன்.

ஒரு மாதம் கழித்து மாமியார் வந்தார். வளையல் கையை இறுக்குகிறதாம், கழற்றக் கொஞ்சம் சோப்பு வேண்டுமாம். பரணிலிருந்த சோப்பை எடுக்கக் கையைத் தூக்கினேன். என் வளையல்கள் முழங்கை வரைக்கும் இறங்கிப் போயின.