மூடியில் வைத்த பொட்டு

வெலிமடையில் எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க, கடலோரத்தில் வாங்கிய பழைய படகு எஞ்சினைப் பொருத்தியிருந்தோம். ஆயுத பூஜைக்குப் பிறகு அதற்கு என்ன வந்ததோ புரியவில்லை. அரை மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு திணறி நின்றுவிடும். டீசல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்தால் டீசல் இருக்கும். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடும். ஃபில்டரை மாற்றினேன், பைப்பை ஊதினேன். எரிச்சல்தான் மிச்சம்.

ஒருநாள் மூடியைத் திறந்தபோது டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அப்போதுதான் பார்த்தேன். மூடியில் காற்றுப் போகும் சின்னத் துளையைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. சுரண்டியதும் எஞ்சின் நிற்காமல் ஓடியது.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

"நின்னு நின்னு போகுதேன்னு நாந்தாங்க தெனமும் அதுல ஒரு பொட்டு வச்சேன். பாத்தீங்களா, சாமி கேட்டுருச்சு."