நோரீன் கட்டிய டைகர் மாத்

யார்க்‌ஷரில் பஸ் ஓட்டும் நோரீன், மூன்று குளிர்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பழைய இரட்டை இறக்கை விமானமான டைகர் மாத்தின் மாதிரியை இறக்கைத் துணியின் தையல் வரை அச்சு அசலாகக் கட்டினாள். மாதிரி விமானப் போட்டியில் ரேடியோ ரிமோட்டால் அதைப் பறக்கவிட்டுப் புல்லில் பூப்போல இறக்கினாள்.

நடுவர் கோப்பையை அவள் கணவன் கிளைவிடம் நீட்டினார். “பிரமாதமா கட்டியிருக்கீங்க. வீட்டுக்காரம்மாவுக்கும் நல்லாவே ஓட்டக் கத்துக் குடுத்திருக்கீங்க.”

“எனக்கு ஒரு ஆணி கூட அடிக்கத் தெரியாதுங்க,” என்றான் கிளைவ்.

“தன்னடக்கத்தைப் பாருங்க,” என்று நடுவர் சிரித்தார்.

நோரீன் கோப்பையைப் பிடுங்கி அவர் மேஜைமேல் வைத்தாள். “கட்டினது யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. என் பேரைப் பொறிச்சு நீங்களே வீட்டுக்குக் கொண்டு வாங்க.”

அடுத்த மாதம் அவர் கொண்டுவந்தார். வாசலிலேயே வாங்கிக்கொண்டு, பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்று பார்த்த பிறகுதான் கதவைச் சாத்தினாள்.