புல் வண்டிக்குள் வந்த தண்ணீர்

எரிபொருள் எரிந்தால் கரியமில வாயுவோடு தண்ணீரும் வரும் என்று கல்லூரியில் முதல் வருடம் பலகையில் எழுதிப் போட்டார்கள். வகுப்பு முழுக்கக் கொட்டாவி. எனக்கு மட்டும் கையில் மயிர் குத்திட்டு நின்றது. அந்தத் தண்ணீரை நான் ஆறாம் வகுப்பிலேயே தொட்டுப் பார்த்திருக்கிறேன். கொடைக்கானலில், ஒரு புல் வெட்டும் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் டிபன் பாக்ஸ் மூடியில்.

அம்மா வில்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கொடைக்கானலுக்கு வேலைக்குப் போவாள். ஏரிக்கு மேலே ஒரு பெரிய விடுதி, அதன் முன்னால் சரிந்து இறங்கும் புல்வெளி. கல்யாணப் பெண் மாப்பிள்ளைகள் வந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அழகான புல்வெளி. மற்ற பெண்களோடு குனிந்து அதில் களை பறிப்பதுதான் முதலில் அம்மாவின் வேலை. பிறகு அந்த வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, ஓட்டிக்கொண்டே புல்லை வெட்டுகிற வண்டி. தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஆசை. ஒருவர் நேராக ரோஜாப் பாத்திக்குள் ஏற்றினார். இன்னொருவர் ஓட்டிய இடம் பாதி சவரம் செய்த தாடை மாதிரி இருந்தது. அம்மா ஏறினாள், கோடு போட்டது போல ஓட்டி இறங்கினாள். மேனேஜர் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார். அன்றைக்கு அம்மாவின் தலை நிமிர்ந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அவளுடைய இடுப்பு வலி போயிற்று. அதுதான் எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

எனக்கு அம்மாவைவிட அந்த வண்டிமேல்தான் பிரமிப்பு. லீவு நாட்களில் கூடவே போய், ஷெட் வாசலில் நின்று, அவள் ஸ்டார்ட் செய்யும்போது தரை அதிர்வதைக் கால் விரலில் வாங்கிக்கொள்வேன்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. வீட்டுக்குள் மேகம் வந்து போனது. தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் இழைந்து வந்தது. உப்பு ஜாடிக்குள் உப்புக்குப் பதிலாக உப்புத் தண்ணீர். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். புல்வெளி சொதசொதவென்று கிடந்ததால் வண்டிக்கும் லீவுதான். மழைக்கு நடுவே ஒருநாள் மேனேஜர் ஷெட்டுக்குள் வந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவியிருக்கிறார். கறுப்பாகவோ தேன் நிறத்திலோ இருக்க வேண்டிய ஆயில் வெளுத்துப் போய், பால் தூக்கலாக ஊற்றின காப்பி மாதிரி கம்பியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஆயில்ல வாட்டர் எப்படிம்மா வந்துச்சு? ஹோஸ் போட்டுக் கழுவினியா?"

"இல்லங்க சார். துணியால தொடைக்கிறதோட சரி."

"அப்ப ஆயில் தானா உக்காந்து அழுதுச்சா?"

சாவியை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை கம்பெனி ஆள் வருவான், தண்ணீர் விட்டுக் கழுவியதுதான் என்று அவன் சொல்லிவிட்டால் அம்மா பழையபடி களை பறிக்கப் போக வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். அன்றிரவு அம்மா சோறு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் பண்ணைக்காட்டுக்குப் போன் போட்டாள்.

பண்ணைக்காட்டில் இருப்பவர் என் மாமா, அம்மாவின் தம்பி, ஜீப் மெக்கானிக். இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அந்த டிரைவர் காலையில் தின்றது இட்லியா புரோட்டாவா என்று சொல்லிவிடுவேன் என்பார். யாரும் அதைச் சோதித்ததில்லை. சனிக்கிழமை வெள்ளனே தன் ஜீப்பில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு நேராக விடுதிக்கு விட்டார். மேனேஜரும் பெருந்தன்மையாக, "பாத்துட்டுப் போகட்டும்" என்று சாவியைக் கொடுத்தார்.

மாமா கம்பியை உருவினார். ஒரு பார்வைதான்.

"கேஸ்கெட் போச்சுக்கா. ரேடியேட்டர் தண்ணி ஆயிலுக்குள்ள எறங்கிருச்சு. இதுக்குப் போயி என்னய அங்கருந்து கூப்ட்டியே."

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. இன்ஜினுக்குள் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கிற அட்டை, அந்த கேஸ்கெட், போவது வண்டியின் குற்றம், ஓட்டுகிறவளின் குற்றமில்லை. மாமா இன்ஜின் மூடியைத் திறந்தார். முன்னால் குனிந்து பார்த்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் ஒரு சுற்று. பிறகு மல்லாந்து படுத்து அடியில் தலையை விட்டார்.

"ஏலே, என்னத்தத் தேடுற?" என்றாள் அம்மா.

"ரேடியேட்டரத்தான்."

"அப்படி ஒண்ணும் இதுல இல்லயே. ஒருநாளும் இதுக்கு நான் தண்ணி ஊத்துனதில்ல."

மாமா அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தார். எழுந்து வந்தபோது, முதலிலிருந்தே தெரிந்தவர் போல, இன்ஜினைச் சுற்றியிருந்த தகடு தகடான பட்டைகளைக் காட்டி எனக்குச் சொன்னார்: "பாத்தியா பாப்பா, இது பைக் மாதிரி. காத்துலயே ஆறுற இன்ஜின்."

எனக்குச் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. "அப்ப வெளியருந்துதான தண்ணி வந்திருக்கணும்" என்றாள். வெளியிலிருந்து என்றால் ஹோஸ். ஹோஸ் என்றால் அம்மா.

"அது மொதல்ல தண்ணிதானான்னு பாப்போம்" என்று மாமா வெளியே வந்தார். ஷெட்டுக்கு எதிரே தாழ்வாரத்தில் தோட்டக்காரர்கள் குளிர்காய ஒரு தகரத்தில் கங்கு போட்டு வைத்திருந்தார்கள். கழற்றிப் போட்ட பழைய புல்வெட்டும் பிளேடு ஒன்றை அதன்மேல் வைத்துச் சூடேற்றினார். தான் கொண்டுவந்த டப்பாவிலிருந்து புது ஆயிலை ஒரு சொட்டு விட்டார். அது சத்தமில்லாமல் பரவி, நீலமாகப் புகைந்தது. அடுத்து வண்டியின் ஆயிலில் ஒரு சொட்டு. படபடபடவென்று பொரிந்தது. கடுகு தாளிப்பது போல, ஆனால் அதைவிடக் கோபமாக. நான் கை தட்டினேன். இன்னொரு சொட்டு விடச் சொன்னேன். விட்டார். மறுபடியும் பொரிந்தது. ஆயிலுக்குள் ஒளிந்திருந்த தண்ணீர் சூடு பட்டதும் தானே வாய் திறந்து "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று கத்துகிறதே, இதைவிடப் பெரிய வித்தையை நான் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. அம்மா மூன்றாவது சொட்டுக்கு முன் கையை நீட்டித் தடுத்து, "போதும், தண்ணிதான்னு ஊருக்கே தெரிஞ்சிருச்சு" என்றாள்.

மாமாவின் அலட்டல் அதற்குப் பிறகு காணாமல் போயிற்று. ஆயில் ஊற்றும் மூடியை முடுக்கிப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தார், ஒழுகல் இல்லை. சீட்டுக்கு அடியிலும் காற்று வடிகட்டியிலும் விரலை விட்டுத் தடவினார். எல்லாம் காய்ந்து, புல் தூசியோடு கிடந்தது. ஹோஸ் போட்டிருந்தால் அந்தத் தூசி அங்கே இருக்காது.

"கடைசியா எப்பக்கா புல்லு வெட்டின?"

"மழ பிடிச்சதுலருந்து வெட்டலயே."

"அப்ப வண்டிய எடுக்கவே இல்ல."

"எடுக்கல. தெனமும் காலைல ஸ்டார்ட் மட்டும் போடுவேன். வண்டியத் தூங்க விடாத, பேட்டரி செத்துரும்னு மேனேஜர் சார் சொன்னாரு. அவரு காருக்கும் அப்படித்தான் போடுறாரு. நம்ம டீத்தண்ணி குடிக்கிற நேரம் ஓடும், அப்பறம் நிறுத்திருவேன்."

மாமா அம்மாவையே பார்த்தார். பிறகு, "ஒன் டிபன் பாக்ஸ் மூடியக் குடு" என்றார்.

கெட்டுப்போன ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயிலை ஊற்றினார். வண்டி ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. அம்மா ஸ்டார்ட் செய்தாள். மாமா டிபன் பாக்ஸ் மூடியை என் கையில் கொடுத்து, பாவாடையில் நன்றாகத் துடைக்கச் சொல்லி, சைலன்சருக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மூடி மங்கியது. மங்கல் புள்ளியாயிற்று, புள்ளிகள் ஒன்றையொன்று இழுத்துச் சேர்த்துக்கொண்டன, மூடியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது. தண்ணீர். உள்ளே வெடித்துக்கொண்டிருப்பது நெருப்பு. வெளியே வருவது தண்ணீர்.

"எங்கருந்து மாமா வருது?"

"பெட்ரோல் எரிஞ்சா வரும்."

"நெருப்புலருந்தா?"

"நெருப்புலருந்துதான். முக்காலே மூணு வீசம் அது, மிச்சம் இந்த மேகம்."

நான் அந்தச் சொட்டை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் நெருப்பை அணைக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். நெருப்பே தண்ணீரைப் பெற்றுப் போடும் என்று யாரும் சொன்னதில்லை. இந்த மலையில் எத்தனை அடுப்பு, எத்தனை ஜீப், எல்லாம் இப்படித் தண்ணீர் விட்டுக்கொண்டா இருக்கின்றன? எனக்கு லேசாகத் தலை சுற்றியது. அது புகையாலும் இருக்கலாம்.

அம்மா வண்டியை நிறுத்திவிட்டு வந்து மூடியை எட்டிப் பார்த்தாள்.

"ஒல நல்லாக் கொதிச்சா ஆவி வெளிய போயிரும்" என்றாள் மெதுவாக. "இளஞ்சூட்டுல எறக்கி வச்சா மூடியெல்லாம் வேர்த்து உள்ளேயே சொட்டும். அப்படித்தான?"

"அதேதான்க்கா. இந்தக் குளுருல அந்தக் கொஞ்ச நேரத்துல இன்ஜின் எங்க சூடாகும்? ஆவி உள்ளேயே நின்னு, ஆறித் தண்ணியாயி, ஆயில்ல கலந்துரும். தெனமும் போட்டா தெனமும் சேரும்." மாமா சட்டென்று எழுந்தார். "வா, இப்பவே போயிக் கேட்டுருவோம். யாரு சொல்லி யாரு வண்டியக் கெடுத்ததுன்னு."

"நீ சும்மா வா. நான் பேசிக்கிறேன்."

ஆபீஸ் வாசலில் மழைக்கு ஒதுங்கித் தோட்டக்காரர்கள் நின்றார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் மேனேஜர். அம்மா இப்போது எல்லாவற்றையும் சொல்லப்போகிறாள்: பொரிந்த சொட்டு, மூடி, நெருப்பிலிருந்து வந்த தண்ணீர், தினசரி ஸ்டார்ட். எல்லோரும் வாயைப் பிளக்கப்போகிறார்கள்.

"மேகந்தாங்க சார்" என்றாள் அம்மா. "குளுருக்கு உள்ள வேர்த்துத் தண்ணியாயிருக்கு."

அவ்வளவுதான்.

"கழுவல?" என்றார் மேனேஜர்.

"சீட்டுக்கடியில தூசி அப்படியே கெடக்குங்க. நீங்களே வந்து பாருங்க" என்றார் மாமா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது போலிருந்தது.

"சரி, இனி என்ன பண்றது?"

"மழ விடுற வரைக்கும் சும்மா ஸ்டார்ட் போட வேணாங்க சார். போட்டா நல்லாச் சூடு ஏறுற வரைக்கும், அரை மணி நேரமாவது, ஓட்டிரலாம். ஆயில் மாத்தியாச்சு" என்றாள் அம்மா.

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய கார் நனைந்துகொண்டு நின்றது. "நானும் அதான் நெனச்சேன்" என்று சொல்லி, மாமா மேஜையில் வைத்த சாவியை அம்மா பக்கம் தள்ளினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்கதான தெனமும்" என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் தோளில் வந்து அழுந்தியது.

"என்ன பாப்பா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறா சார்" என்றாள் அம்மா.

மாமா எங்களைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்வரை புலம்பிக்கொண்டே வந்தார். "ஒரு வார்த்த என்னயச் சொல்ல விட்டியாக்கா?" அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முந்தானை முடிச்சில் சாவி இருந்தது.

எனக்கோ அம்மாவை நினைத்து ஒரே பரிதாபம். ஷெட்டில் புரிந்திருக்கிறது, ஆபீஸ் வாசல் ஏறுவதற்குள் மறந்துவிட்டது. எவ்வளவு பெரிய சங்கதி, அதைப் போய் மேகம் என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாளே. மேனேஜர் சொன்னதால்தான் எல்லாம் ஆயிற்று என்ற முக்கியமான இடம் அவளுக்குப் பிடிபடவே இல்லை போலிருக்கிறது. வில்பட்டி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல, முதலிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பெட்ரோல் எரியும்மா. எரிஞ்சா தண்ணி வரும்மா. சூடு பத்தாட்டி உள்ளேயே நிக்கும்மா. அவர் தெனமும் போடச் சொன்னாருல்ல, அதனாலதாம்மா. அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். நடுவில் ஒரு இடத்தில், "அப்படியா?" என்றுகூடக் கேட்டாள். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை விளக்கினேன்.

ஊர் வந்து இறங்கும்போது, ஒருவழியாக அம்மாவுக்குப் புரியவைத்துவிட்டேன் என்று எனக்குப் பரம திருப்தி.