ஜன்னலில் தொங்கிய சிவப்பு விரிப்பு

எங்கள் தெருவில் எதுவீனோவைத் தெரியாதவர் கிடையாது. பெயர் சொல்லிப் புரியாவிட்டால் பச்சை வீடு என்றால் போதும். ஃபால் ரிவர் என்னும் இந்த அமெரிக்க மில் ஊரில் மூன்று அடுக்கு மரவீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பச்சைக்கு ஈடாக ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருஷம் துணி மில்லில் சாயத் தொட்டியருகே நின்றவன், நிற விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டான். என் மனைவி இல்தாவுக்கு அவன் அண்ணன், எனக்கு மச்சான். அதனால் இதில் உப்பு ஒரு கல் கூடுதலாக இருக்கும். பொய் இருக்காது.

போர்த்துகீசியத் தீவான சாவோ ஜோர்ஜிலிருந்து பத்தொன்பது வயதில் வந்து இறங்கினான். பெட்டியில் பாதி துணி, பாதி பாலாடைக்கட்டி. அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து ஒரு தச்சனையோ பெயிண்டரையோ உள்ளே விட்டதில்லை. கூரைக்கும் அவனே, குழாய்க்கும் அவனே. ஒருமுறை தன் கடைவாய்ப் பல்லையும் அவனே கழற்றிக்கொண்டான் என்பாள் இல்தா. பெயிண்டின் மேல் பெயிண்டாகப் பதினோரு பூச்சு. "இந்த வீட்டத் தாங்குறது மரமில்ல, என் பெயிண்ட்டு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வான்.

அவன் வாங்குவதற்கு முன்பே யாரோ அடித்து வைத்த பூச்சுகள் அடியில் கிடந்தன. அவற்றில் ஈயம் இருந்தது, குழந்தைகளின் மூளையை மழுக்குகிற விஷம்.

அவன் மகள் நெலிதா கைக்குழந்தையோடு இரண்டாம் மாடிக்குக் குடிவருவதாக ஏற்பாடு. ஜூலை கடைசிச் சனிக்கிழமை அவள் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பையனுக்குப் பத்து மாதம். தவழ்கிறான், கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறான்.

"ஈயம் இல்லேன்னு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட கடுதாசி வராம என் புள்ள அந்தத் தரையில முட்டி ஊன்ற மாட்டான்" என்றாள்.

"நீயும் அதே தரையிலதான் தவழ்ந்த. உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"எனக்குக் கணக்கே வரலியேப்பா. யாரு காரணம்னு இப்பத்தான் தெரியுது."

எதுவீனோ உடனே சனிக்கிழமைக் கூட்டத்தைத் திரட்டினான். ஞாயிறு பூசைக்கு வரும் நான்கு சிநேகிதர்கள், இரவல் வாங்கிய தேய்ப்பு மெஷின் ஒன்று. கூலி, பொரித்த சோரிசோ பன்றித் தொத்திறைச்சியும் அவன் வீட்டு ஒயினும். எங்கள் ஆட்கள் வீடு பழுது பார்ப்பது இப்படித்தான். மெஷினை மின்சாரத்தில் மாட்டப் போகும் நேரத்தில் நெலிதா எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, சீக்கிரம் வாங்க. அப்பா வீட்டையே மாவா அரைக்கப் போறாரு."

வேறு யாரைக் கூப்பிடுவாள்? நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐம்பத்தெட்டு வயதில், ஈய பெயிண்ட் உள்ள பழைய வீடுகளில் வேலை செய்வதற்கான வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கல்லூரி படித்த பையன்களோடு ஒரே பெஞ்சு. முதல் தடவையிலேயே பாஸ். அவர்களில் இரண்டு பேர் மறுபடியும் எழுதினார்கள். என் லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் கூடத்தில் தொங்குகிறது, அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில். இரண்டு அங்குலம் மேலே என்று இல்தா குறை சொல்கிறாள். ஆணி அங்கேதான் இறங்கியது.

"பெயிண்ட் சொரண்ட லைசென்ஸா?" என்றான் எதுவீனோ. "நாளைக்கு மூக்குச் சிந்தவும் கேப்பீங்க."

"மச்சான், காஞ்ச பெயிண்ட்ட மெஷினால தேய்ச்சா தூளா பறக்கும். அது தரையில படியும். உன் பேரன் தரையத் தொட்ட கைய நக்குவான். அது நடக்காம பாத்துக்கத்தான் லைசென்ஸ்."

நான் ஒப்பந்தத் தாளை நீட்டினேன். அதில்தான் அவனுக்கு நிஜமாகவே வருத்தம் வந்தது.

"என் தங்கச்சியக் கட்டிக் குடுத்தப்பக்கூட உங்கிட்ட கையெழுத்து வாங்கல."

"வாங்கியிருக்கணும். நானும் ஷரத்தையெல்லாம் படிச்சுப் பாத்திருப்பேன்."

இல்தா என் முதுகில் ஒன்று வைத்தாள். எதுவீனோ சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். மூன்றாவது ஷரத்தை மட்டும் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன்: சோதனையில் தேறும்வரை இரண்டாம் மாடிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, வீட்டுக்காரர் உட்பட. "சரி, சரி" என்றான். அந்தச் 'சரி'யை நான் எடை போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்பது நாள் வேலை. நானும் என் வேலையாட்களும் வாசல்களை பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்தோம். தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டினோம். நுண்தூளையும் பிடிக்கிற வாக்குவம் போட்டு, பிறகு மூன்று தண்ணீரில் கழுவினோம். சுவரோரம் அவன் போட்டிருந்த கீரைப்பாத்தி மண்ணிலும் ஈயம் இருந்தது. கீரையைப் பிடுங்கியபோது தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். தெருப் பார்த்த இரண்டு பழைய ஜன்னல்கள் மட்டும் பாக்கி. புது ஜன்னல் திங்கள் காலைதான் வரும் என்றார்கள். அவற்றை பிளாஸ்டிக்கால் இறுக்கி ஒட்டிவிட்டுப் போனேன். இன்ஸ்பெக்டர் திங்கள் மதியம் வருவதாக இருந்தது.

நடுவில் ஒரு ஞாயிறு. பரிசுத்த ஆவித் திருநாள்.

அன்று ஊர்வலம் எங்கள் தெரு வழியாகப் போகும். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் இருப்பதிலேயே நல்ல கட்டில் விரிப்பைத் தொங்கவிட வேண்டும். பெரிய கொடியை நான் தூக்குவேன். மற்றவர்கள் தெருவுக்குத் தெரு கைமாற்றுவார்கள். நான் கோயில் வாசலில் எடுத்தால் கோயில் வாசலில்தான் இறக்குவேன்.

பச்சை வீட்டு முன்னால் வந்தபோது தலையைத் தூக்கினேன். இரண்டாம் மாடியில், நான் இறுக்கி ஒட்டிய அதே ஜன்னலில், தீவிலிருந்து வந்த என் மாமியாரின் சிவப்பு விரிப்பு. பின்னால் கோட்டு போட்டு, நெஞ்சில் கை வைத்து எதுவீனோ.

பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. இரண்டு கையிலும் கொடி. பல்லைக் கடித்துக்கொண்டு, "மூடு மச்சான், மூடு" என்றேன். நான் வாழ்த்துவதாக நினைத்து அவன் கையசைத்தான். விரிப்பு ஓரத்தில் மடங்கியிருப்பதைக் கண்டு, தூக்கி இரண்டு உதறு உதறினான். ஜன்னல் சட்டத்திலிருந்து வெள்ளைச் செதில்கள் கொடிமேல் உதிர்ந்தன. பக்கத்தில் வந்த மூதாட்டி பூத்தூவுகிறார்கள் என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஊர்வலம் முடிந்து, புதினா மணக்கிற இறைச்சிச் சூப்புப் பந்தியில் அவனைப் பிடித்தேன்.

"பதினஞ்சு நிமிஷம்தான் தொறந்தேன்" என்றான். "தெருவுல என் ஜன்னல் மட்டும் மொட்டையா நிக்கணுமா? அப்புறம் சுத்தமா பெருக்கிட்டுத்தான் வந்தேன்."

"எதால?"

"தொடப்பத்தால. எல்லா ரூமும். மூணு தடவ."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஓரமாகக் கிடந்த தூளை வீடு முழுக்கப் பரிமாறியிருக்கிறான்.

அன்று மாலையே போய்க் கழுவினேன். திங்கள் காலை புது ஜன்னல் மாட்டி மறுபடியும் கழுவினேன். மதியம் வந்த இன்ஸ்பெக்டர் அம்மாளிடம் நடந்ததை நானே சொன்னேன். மறைத்துப் பிழைக்க எனக்குத் தெரியாது. அவர் ஈரத் துணியால் அங்கங்கே துடைத்துச் சோதனைக்கு எடுத்துப் போனார். செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது: படுக்கையறைத் தரை தேறவில்லை.

நெலிதா கத்தவில்லை. அதுதான் மோசம். "வெள்ளிக்கிழமைக்குள்ள கடுதாசி வரலேன்னா நாங்க என் மாமியார் வீட்டுக்குப் போறோம்ப்பா. அங்க போனா, திரும்பி வருவோம்னு என்னால சொல்ல முடியாது" என்றாள்.

இரண்டு மணி நேரப் பயணத் தூரம். எதுவீனோ அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஏதாச்சும் செய்ய முடியுமா மச்சான்?"

"ரெண்டு நாள்ல முடியும். ஆனா நீ..."

"நான் வரல." இரண்டாம் மாடிச் சாவியை என் கையில் வைத்தான். கொஞ்சம் யோசித்து, அந்தத் துடைப்பத்தையும் கொடுத்தான்.

புதனும் வியாழனும் உள்ளே நான் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பலகையாகக் கழுவினேன். வெளியே படிக்கட்டில் நாற்காலி போட்டு அவன் காவல் இருந்தான். இல்தா எனக்குக் காப்பி கொண்டு வந்தாள், அவளையும் அவன் உள்ளே விடவில்லை. வீட்டை மந்திரிக்கலாமா என்று பங்குச் சாமியார் தீர்த்தத்தோடு வந்தார்.

"ஃபாதர், லைசென்ஸ் இருக்கா?"

"எதுக்கு எதுவீனோ?"

"இருந்தா உள்ள போலாம். இல்லாட்டி அங்கிருந்தே தெளிங்க."

அவர் நடைபாதையில் நின்றபடியே தெளித்தார்.

வியாழன் மாலை மறுபடியும் துடைத்து எடுத்துப் போனார்கள். வெள்ளி மாலை கடிதம் வந்தது. எதுவீனோவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. கையெழுத்து இருக்கிற இடத்தை மட்டும் நெலிதாவிடம் காட்டச் சொல்லி, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை லாரி வந்தது. பையனைப் படுக்கையறைத் தரையில் இறக்கிவிட்டார்கள். அவன் நேரே புது ஜன்னலை நோக்கித் தவழ்ந்து, சுவரில் கை வைத்து, பிறகு அந்தக் கையை வாயில் வைத்துக்கொண்டான். யாரும் ஓடிப் பிடிக்கவில்லை.

நான் கிட்டே போகக் காலெடுத்தேன்.

"மச்சான், ஷூவக் கழட்டு" என்றான் எதுவீனோ. "ஊரு வீட்டு ஈயமெல்லாம் உன் ஷூவுலதான் இருக்கு."

வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே அதுதான். மறுத்துப் பேச வழியில்லாமல் கழற்றினேன். வலது சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. எதுவீனோ அதை லாரிக்காரர் வரைக்கும் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான்.