ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

என் மகளுக்கு இருபத்தைந்து வயதில் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. வேலைக்குச் சேர மருத்துவச் சான்று வாங்கப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். தினமும் ஒரு மாத்திரை. ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அப்போதுதான் பட்டுக்கோட்டையிலிருந்து அந்த வரன் வந்தது. தென்னந்தோப்பு, கண்ணியமான குடும்பம், ஒரே பையன்.

எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லவேண்டும் என்று. பிரஷர் அந்தத் தடைகளில் சேராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரி வந்தபோதெல்லாம் மடியிலிருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அவளுடைய மாத்திரை அட்டை இருந்தது. வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரர்கள் கண்ணில் படக்கூடாதென்று நான்தான் எடுத்து வைத்திருந்தேன்.

"அங்க போய் இத வெளிய எடுக்காத பாப்பா. நோயாளிப் பொண்ணத் தள்ளிவிட்டுட்டாங்கன்னு பேசுவாங்க. கொஞ்ச நாள் போகட்டும்."

"சரிம்மா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

புகுந்த வீட்டில் கொஞ்ச நாள் குளியலறையில் ஒளித்துச் சாப்பிட்டிருக்கிறாள். அட்டை தீர்ந்ததும் வாங்கப் பயம். அங்கே மருந்துக்கடைக்காரர் மாமனாரின் சிநேகிதர். நிறுத்திவிட்டாள். தலைகூட வலிக்கவில்லை என்று போனில் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலு வருடம் அப்படியே போனது.

இந்தத் தையில் நன்னிலத்துக்கு என்னைப் பார்க்க வந்தவள், மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். சம்பந்தியம்மாளும் பஸ் பிடித்து வந்துவிட்டார். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது என்றார்.

பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாக இதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் வரைகிறவள் நான். அப்படியும் கேட்டேன்: "தடிச்சிருந்தா பலம்தானே டாக்டர்?"

"இல்லம்மா. எதிர்ல அழுத்தம் கூடுதலா இருக்கறதால ஒவ்வொரு துடிப்புக்கும் அது முக்கித் தள்ளுது. தள்ளித் தள்ளி தசை பெருத்து விறைச்சுப் போச்சு. விரிஞ்சு ரத்தத்த வாங்க முடியல. அதான் மூச்சு முட்டுது. மாத்திரைய விடாம சாப்பிட்டா தடிப்பு கொஞ்சம் குறையலாம். பழையபடி ஆகும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. எத்தன வருஷமா மாத்திரை இல்லாம இருக்காங்க?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும், சம்பந்தியம்மாள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். தன் பையைத் திறந்து ஒரு டப்பாவை என் கையில் வைத்தார்.

"எனக்குப் பதினஞ்சு வருஷமா பிரஷர் சம்பந்தி. இதுக்கா பயந்தீங்க? டீச்சரு நீங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"அத்தைக்கு நான்தாம்மா தெனமும் எடுத்துக் குடுப்பேன்."

"அப்பவாவது நீ சொல்லியிருக்கலாமே பாப்பா."

"நீதானம்மா சொல்லாதன்ன."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது ஒரு மாதமாக என்னிடம் இருக்கிறாள். மறைக்க ஒன்றுமில்லை, மாத்திரைகள் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கின்றன. தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு நான் எதிரில் உட்காருகிறேன். அவள் மாத்திரையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு எழுந்து, அறைக் கதவுக்குப் பின்னால் போய், முதுகைத் திருப்பி நின்று விழுங்கிவிட்டு வருகிறாள்.