பெஞ்சில் இருப்பவர் பாட்டு

பெருநகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம் தள்ளியிருந்த அந்த ஊரைக் கெத்தான ஊராக மாற்றியே தீருவது என்று நகராட்சி கங்கணம் கட்டியிருந்தது. பாலத்துக்கு அடியில் வண்ணச் சிறகுகள் வரைந்தார்கள். படம் எடுத்துக்கொள்ளச் சதுக்கத்தில் ஒரு பெரிய இதயத்தை நட்டார்கள். சனிக்கிழமை ரயிலில் வந்திறங்கிய இளசுகளோ, சிறகையும் இதயத்தையும் ஏறெடுத்தும் பார்க்காமல் கத்திரி அக்காவின் முடிவெட்டும் கடைக்கு நடந்தார்கள்.

அக்கா கணவனைப் பிரிந்து இந்த ஊருக்கு வந்தபோது கையில் இருந்தது தொழில் மட்டும்தான். ஆண், பெண் பேதமில்லாமல் வெட்டினாள். கடையில் ஒரே நாற்காலி, ஒரு நீள பெஞ்சு, ஒரு ஸ்பீக்கர். என்ன பாட்டு என்று ஒரு நாள் நாலு பேர் மல்லுக்கு நின்றபோது அக்கா கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டம் போட்டாள். வெட்டுகிறவளும் வெட்டிக்கொள்கிறவரும் பாட்டு சொல்லக் கூடாது. பெஞ்சில் முதலில் வந்து உட்கார்ந்தவர் சொல்வதுதான் பாட்டு. மற்றவர்கள் திட்டலாம், நிறுத்தக் கூடாது. பாட்டு ஓடாமல் கத்திரியும் ஓடாது. நாளடைவில், முடி வளராதவர்கள்கூடத் திட்டுவதற்கென்றே வந்தார்கள்.

இப்போது அந்தக் கடை வரிசையையே இடித்துவிட்டுக் கண்ணாடி வளாகம் கட்டத் திட்டம். எதை இடிக்கலாம், எதை விடலாம் என்று பார்த்துச் சொல்ல நகரமைப்பு அதிகாரி சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அக்கா வெள்ளிக்கிழமையே பெஞ்சுக் கூட்டத்தை எச்சரித்தாள்.

"நாளைக்கு ஒருத்தரும் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. உங்க சத்தத்தைக் கேட்டா அந்தம்மா இன்னிக்கே இடின்னு சொல்லிடுவாங்க."

சனிக்கிழமை அதிகாரி வந்தபோது கடை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"அமைதியாவும் இருக்கு. புது வளாகத்துல இதே மாதிரி ரெண்டு கடை வருது. அப்புறம் இது எதுக்குன்னு கேட்பாங்க, என்ன சொல்றது?"

அக்காவுக்குத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். எதிர்க்கடை மறைவில் மூன்று தலைகள் தெரிந்தன.

"ஒளிஞ்சது போதும். வாங்க உள்ளே."

குழாய் வேலை செய்பவன் வந்தான், டிரம்ஸ் வாசிப்பதால் டமாரம் என்று பெயர் வாங்கியவன் வந்தான், ஆஸ்பத்திரிச் சீருடையோடு நர்ஸ் வந்தாள். அதிகாரியின் முகம் இறுகியது.

"இது என்ன, ஆள் பிடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"பிடிச்சு வெக்கலை மேடம். வராதீங்கன்னு நான்தான் தடுத்து வெச்சேன்."

"ஏன்?"

"நல்ல கடைன்னா அமைதியா இருக்கணும்னு நெனச்சிட்டேன்."

அதிகாரி நம்பியதாகத் தெரியவில்லை. இனி என்ன சொன்னாலும் நாடகம் போலத்தான் தெரியும். நர்ஸை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தாள் அக்கா.

டமாரம் ஸ்பீக்கர் பக்கம் கையை நீட்டினான். குழாய்க்காரன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"டேய், மேடம்தான் முதல்ல உட்கார்ந்தாங்க. அவங்க பாட்டு."

"நான் வேலையா வந்திருக்கேன்," என்றார் அதிகாரி.

"நாங்க மட்டும் சும்மாவா மேடம் வந்தோம்?" என்றான் டமாரம்.

அக்கா திரும்பி முறைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். கத்திரி அக்காவின் கையில் அப்படியே நின்றது. நர்ஸின் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேடம், எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு," என்றாள் நர்ஸ், கண்ணாடியைப் பார்த்தபடியே. "நீங்க சொல்லாம அக்கா வெட்ட மாட்டா. பிடிவாதக்காரி."

"நானே எழுந்துட்டா?"

"எழுந்தாலும் முறை உங்களோடதுதான்," என்றான் குழாய்க்காரன்.

அதிகாரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்கா டமாரத்தைப் பார்த்தாள். சட்டத்தை ஒரு நாள் தளர்த்தினால்தான் என்ன? வாயைத் திறந்தாள். ஆனால் 'போடுடா' என்ற சொல் வரவில்லை. வாசல்வரை போன அதிகாரி நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், தணிந்த குரலில் ஒரு பாட்டைச் சொன்னார்.

டமாரம் தலையில் அடித்துக்கொண்டான்.

"மேடம், இதுக்கு நீங்க கடையை இடிச்சிருக்கலாம்."

அதிகாரி திரும்பி வந்தார்.

"அந்தப் பாட்டுல என்ன குறை உனக்கு?"

"தாளமே இல்லையே மேடம். ஒரே இழுவை."

"முதல்ல முழுசாக் கேளு. காது இருந்தா தாளம் தானா தெரியும்."

"அப்படிப் போடுங்க," என்றான் குழாய்க்காரன். பாட்டு ஓடியது. அக்காவின் கத்திரியும் ஓடியது, கண் மட்டும் பெஞ்சிலேயே இருந்தது. அதிகாரியும் டமாரமும் பாட்டுக்கு மேலே குரலை உயர்த்தினார்கள். ஒரு கட்டத்தில் அதிகாரி மறுபடியும் உட்கார்ந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இதை இடிக்க வேண்டாம்னு சொல்லப்போறேன். கேட்பாங்களான்னு தெரியாது. முடிவு என் ஒருத்தி கையில இல்ல."

அக்கா தலையை ஆட்டினாள். அதிகாரி படியிறங்கிப் போனார்.

நர்ஸ் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நெத்தி முடி கோணலா இருக்கு."

"இருக்கும்டி," என்றாள் அக்கா. "டமாரம், இப்ப உன் முறை. சீக்கிரம் ஏதாவது போடு. நேராக்கணும்."